வேப்பமரத்தடியில் நிற்கும் ஸ்கூட்டி

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இரண்டு குழந்தைகள். ஐந்து மாதமாக ஓடுகிறேன். ஆரம்பத்தில் ஒரு ரவுண்டுக்கே மூச்சு வாங்கும். இப்போது 4 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் முடிக்கிறேன். ஆனால் இரண்டு மாதமாக அந்த 4-ஐத் தாண்ட முடியவில்லை. ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கு மேல் கல்லூரி மைதானத்துக்குப் போய், வேப்பமரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் சுற்ற ஆரம்பிப்பேன். வாட்ச் 4 காட்டியதும் கால் தானாக வேப்பமரத்துக்குப் போய்விடுகிறது. வலி எதுவும் இல்லை. 'உன்னால அவ்வளவுதான்' என்று உள்ளே ஒரு குரல், அவ்வளவே. போன வாரம் அப்படி முடித்துவிட்டு, செத்தேன் என்று நடந்து வரும்போது ஒரு நாய் துரத்தி, வண்டி வரைக்கும் ஓடினேன் (சிரிக்காதீர்கள்). டிசம்பரில் கோவையில் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வருடா வருடம் பழனிக்கு நடந்தே போகிற என் மாமியார், 'பொம்பளைங்க இப்படி ஓடுனா கர்ப்பப்பை எறங்கிரும்' என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெருந்துறைப் பக்கம் தோட்டத்துக்குப் போவோம், அங்கே ஓடுவதில்லை. எனக்கு மன தைரியம் குறைவா சார்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சிரிக்காதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் அந்த நாய் வரியைத்தான் மறுபடியும் படித்தேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். எலும்பும் தசையும் பார்க்கிறவனிடம் மனதைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆனால் ஓட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முட்டி வலி, மீதிப் பேருக்கு உங்கள் வலி என்பதால் இதைப் பற்றியும் கொஞ்சம் படிக்க வேண்டியதாயிற்று.

மனதைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால், கால் இழுக்காததற்குக் காரணம் குணத்தில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது. தைராய்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். இரண்டும் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

இப்போது நாய்க்கு வருவோம். 4 கிலோமீட்டர் முடிந்தது, உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லை என்று முடிவு செய்து நடக்கிறீர்கள். நாய் குரைக்கிறது. அடுத்த நொடி ஓடுகிறீர்கள், அதுவும் அன்றைக்கு ஓடியதிலேயே அதிவேகமாக. உண்மையிலேயே தசையில் ஒன்றும் இல்லாமல் போயிருந்தால் நாயைப் பார்த்தாலும் கால் வந்திருக்காது. (நாய் துரத்தினால் ஓடாமல் நின்று, அதன் பக்கம் திரும்பி, மெல்லப் பின்வாங்குவதுதான் நல்லது. அது வேறு பாடம்.)

தென்னாப்பிரிக்காவில் டிம் நோக்ஸ் என்ற மருத்துவர் இதைத்தான் வேறு மாதிரிக் கேட்டார். நீண்ட தூரப் பந்தயத்தில் கடைசி வரை தள்ளாடி வருகிறவர்கள், எல்லைக்கோடு கண்ணில் பட்டதும் வேகம் எடுக்கிறார்கள். தசை காலியாகிவிட்டது என்றால் அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? மூளை ஒரு மேற்பார்வையாளர் மாதிரி உட்கார்ந்துகொண்டு, சரக்கு தீர்வதற்கு வெகு முன்னாலேயே 'போதும்' என்று சொல்லிவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். அப்படியே ஏற்காதவர்களும் துறையில் இருக்கிறார்கள். ஆனால் சோர்வு என்பது தசையிலிருந்து வரும் செய்தி மட்டும் இல்லை, மூளை போடும் மதிப்பீடும்தான் என்பதில் இன்றைக்குப் பெரிய சண்டை இல்லை. உங்கள் கம்பெனியில் ஸ்டோர்காரர் இருப்பார் இல்லையா? ரேக்கில் நூல் கோன் இருக்கும், கேட்டால் 'ஸ்டாக் இல்லீங்க' என்பார். நாளைக்கு அவசரத்துக்கு வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருப்பார். அவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. பேசிப் பழகித்தான் வாங்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் அவர் இவ்வளவு சீக்கிரம் கையை விரிப்பதற்கு மூன்று காரணங்கள் என் கண்ணுக்குத் தெரிகின்றன. முதலாவது, வேகம். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்பது ஐந்து மாத ஓட்டக்காரருக்கு மிக அதிகம். மன தைரியம் இல்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையில் வேகமாக ஓடுகிறவர்கள்தான். மெதுவாக ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஓடுகிறார்கள். உங்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஓடிக்கொண்டே, பையரிடம் போனில் பேசுவது மாதிரி இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'துணி டையிங்ல இருக்குதுங்க சார், நாளைக்கு காம்பாக்டிங் முடிஞ்சு கட்டிங் போயிரும், வெள்ளிக்கிழமை ஷிப்மெண்ட்ல மாத்தமில்லீங்க.' நடுவில் மூச்சுக்காக நிற்காமல், பதற்றமில்லாத குரலில் சொல்ல முடிந்தால் அதுதான் உங்கள் வேகம். 'டையிங்ல' என்பதிலேயே மூச்சு வாங்கினால் குறையுங்கள். கிலோமீட்டருக்கு ஏழரை, எட்டு நிமிடம் ஆகும். ஆகட்டும்.

இன்னொன்று, முதல் பத்து நிமிடத்தை நம்பாதீர்கள். ஓட ஆரம்பித்தவுடன் தசை கேட்கிற ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் உடனே கொண்டுவந்து கொடுத்துவிடுவதில்லை. ஈடுகட்ட இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும், உடம்பு சூடேற இன்னும் கொஞ்ச நேரம். அந்தத் திணறலை வைத்து 'இன்னிக்கு நமக்கு நாள் சரியில்லை' என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு இருபது வருடமாக முதல் கிலோமீட்டர் ஒருநாளும் நன்றாக இருந்ததில்லை.

இரண்டாவது காரணம், நீங்கள் ஓடுகிற நேரம். 2009-இல் சாமுவேலே மார்கோரா என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 16 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருநாள் அவர்களை 90 நிமிடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, கவனம் சிதறாமல் செய்ய வேண்டிய வேலை கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதே 90 நிமிடம் சும்மா ஆவணப்படம் போட்டுக் காட்டினார்கள். இரண்டு நாளும் முடிந்தவுடன் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள், முடியாமல் போகும்வரை. படம் பார்த்த நாளில் சராசரியாக 754 வினாடி தாக்குப்பிடித்தார்கள். மூளை களைத்த நாளில் 640. இதயத்திலும் தசையிலும் அந்த வித்தியாசத்தை விளக்குகிற மாதிரி எதுவும் இல்லை. ஒரே மிதிதான், அது முதலிலிருந்தே கடினமாகத் தெரிந்திருக்கிறது.

அது வெறும் 90 நிமிடம். நீங்கள் காலை ஒன்பதிலிருந்து லேப் டிப், சாம்பிள் அப்ரூவல், பிரிண்டிங் யூனிட்டில் லேட், செக்கிங்கில் ரிஜெக்ட் என்று பத்து மணி நேரம் மூளையைப் பிழிந்துவிட்டு வந்து ஓடுகிறீர்கள். அந்த நேரத்தில் 4 கிலோமீட்டரே பெரிய விஷயம். வார நாள் சாயங்காலம் இருபது முப்பது நிமிடம் சுலபமாக ஓடிவிட்டு வீட்டுக்குப் போங்கள், தூரத்தைக் கூட்டுகிற வேலையை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். நீண்ட ஓட்டம் ஞாயிறு விடியற்காலை, தோட்டத்தில், தூங்கி எழுந்த மூளையோடு.

மூன்றாவது காரணம் அந்த ஸ்கூட்டி. நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். மைதானத்தைச் சுற்றி ஓடும்போது ஒவ்வொரு ரவுண்டிலும் அந்த வேப்பமரத்தைக் கடக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் 'வீட்டுக்குப் போகலாமா?' என்று ஒரு கேள்வி எழுகிறது, ஒவ்வொரு முறையும் 'வேண்டாம்' என்று நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து முறை வேண்டாம் சொன்னவர் பதினோராவது முறை சரி என்பதில் ஆச்சரியம் என்ன? இத்தனைக்கும் வாட்ச் வேறு 4 காட்டுகிறது. இரண்டு மாதமாக 4, வேப்பமரம், சாவி, வீடு என்று ஒரே வரிசையில் பழக்கியிருக்கிறீர்கள். கால் தானாகப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். பழகின மாடு கட்டுத்தறிக்குப் போகிற மாதிரிதான்.

இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். என் முதல் அரை மாரத்தானில் பதினான்காவது கிலோமீட்டரில் நின்றுவிட்டேன். சுளுக்கு இல்லை, தசைப்பிடிப்பு இல்லை. ரோட்டோரத்தில் நண்பர் ஒருவர் காரில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கையில் இளநீர். பக்கத்துக் கதவைத் திறந்து வேறு வைத்தார். உற்சாகப்படுத்தத்தான் வந்திருந்தார் பாவம். அடுத்த வருடம் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: தயவுசெய்து வராதீர்கள். அந்த முறை முடித்தேன்.

அதனால் வண்டி கண்ணில் படாத பாதை உங்களுக்கு வேண்டும். பெருந்துறைப் பக்கம் தோட்டம் என்கிறீர்கள், கீழ்பவானி வாய்க்கால் அதிக தூரத்தில் இருக்காது. பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால், உங்கள் ஐந்து கிலோமீட்டருக்கு இடம் தராதா? ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் விடுவது வழக்கம் என்பதால் இப்போது கரை ஓரம் காலையில் குளிர்ச்சியாகவே இருக்கும். ஈரமான இடத்தில் பார்த்துக் கால் வையுங்கள், தனியாகப் போகாதீர்கள், வீட்டுக்காரரைச் சைக்கிளில் கூட வரச் சொல்லுங்கள். அன்றைய நேரத்தில் பாதியை ஒரே பக்கமாக ஓடுங்கள். அப்புறம் திரும்பித்தானே ஆக வேண்டும்? போவதா வேண்டாமா என்று யோசிக்க அங்கே வழியே இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னும் ஓயவில்லை. போகும்போது எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டால் களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளும்.

வாட்சில் கிலோமீட்டரை மறைத்துவிட்டு நேரத்தை மட்டும் வையுங்கள். முதல் ஞாயிறு 35 நிமிடம். அடுத்து 40, 45. நான்காவது வாரம் மறுபடி 35-க்கு இறங்குங்கள், உடம்பு வாங்கிக்கொள்ள அது வேண்டும். பிறகு 50, 55, 60, ஒரு வாரம் 45, அப்புறம் 65, 70, 75. பதினோரு வாரம். 75 நிமிடம் ஓடுகிறவருக்கு 10 கிலோமீட்டர் பக்கத்து ஊர்.

நடுவில் நடக்கலாமா என்றால், தாராளமாக நடக்கலாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலவே, 1974-லிருந்தே புதியவர்களுக்கு ஓட்டமும் நடையுமாகத்தான் சொல்லிக் கொடுத்தார். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். களைத்துப்போய் நடப்பதற்கும், மணி பார்த்து நடப்பதற்கும் மனதில் வித்தியாசம் உண்டு. முதலாவதில் தோற்ற மாதிரி இருக்கும், இரண்டாவதில் வேலை நடக்கிற மாதிரி இருக்கும்.

சரி, இப்போது உங்கள் வீட்டிலேயே இருக்கிற நிபுணரிடம் வருவோம். பெருந்துறைப் பக்கத்திலிருந்து பழனி நூறு கிலோமீட்டருக்குப் பக்கம் இருக்கும். உங்கள் மாமியார் அத்தனை தூரம் எப்படி நடக்கிறார் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? எனக்குத் தெரிந்த பாதயாத்திரைக்காரர்கள் யாரும் 'இன்னும் எண்பது கிலோமீட்டர்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சென்னிமலை வரைக்கும் போயிரலாம் என்பார்கள். அப்புறம் காங்கேயம். அப்புறம் ஊதியூர் மலை தெரியும். தாராபுரத்தில் படுத்துக்கலாம் என்பார்கள். கடைசியில் சண்முக நதி. நடுவில் அன்னதானப் பந்தல் எங்கே, யார் மோர் கொடுப்பார்கள், எந்தத் திண்ணையில் இடம் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. காலில் கொப்புளம் வந்தவரும் அடுத்த பந்தல் வரைக்கும் போய்விடுவார். அந்தப் பந்தலில் உட்கார்ந்து யாரோ ஒருவர் கொடுத்த பானகத்தைக் குடித்ததும் 'தாராபுரம் என்னங்க தூரம்' என்பார். நீங்களும் வாய்க்கால் கரையில் மதகு, பாலம், தென்னந்தோப்பு என்று பந்தல்களை நட்டுக்கொள்ளுங்கள். களைப்பு வந்தால் அடுத்த மதகு வரைக்கும் மட்டும்தான் பேச்சு. அதற்கு அந்தப் பக்கம் இருப்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பானகம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2004-இல் இங்கிலாந்தில் சைக்கிள் வீரர்கள் ஒன்பது பேருக்கு ஒரு மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, வாயில் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு சொட்டும் வயிற்றுக்குள் போகவில்லை. ஆனாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பந்தயத்தை ஒன்றரை நிமிடத்துக்கு மேல் முன்னதாக முடித்தார்கள். சத்து வருகிறது என்று நாக்கு சொன்ன சேதியை மட்டும் நம்பி மூளை கையிருப்பைத் திறந்துவிட்டிருக்கிறது என்பதுதான் விளக்கம். நம் ஸ்டோர்காரர்!

அப்புறம் அந்தக் குரல். 'உன்னால அவ்வளவுதான்.' அதை அடக்கப் பார்க்காதீர்கள், அது இன்னும் சத்தமாகப் பேசும். பக்கத்தில் வேறொரு குரலை உட்கார வையுங்கள். 2014-இல் 24 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரம் தங்களுக்குத் தாங்களே தைரியம் சொல்லிக்கொள்ளப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் சைக்கிளில் தாக்குப்பிடித்த நேரம் 18 சதவீதம் கூடியது. 2019-இல் இன்னொரு ஆய்வு வந்தது. 'என்னால் முடியும்' என்று சொல்லிக்கொள்வதைவிட, 'உன்னால் முடியும்' என்று வேறொருவர் சொல்வது மாதிரி தனக்கே சொல்லிக்கொண்டபோது வேகம் கூடுதலாக இருந்தது.

இதற்கு ஏற்ற சொல் நம் ஊரில் தாராளமாக இருக்கிறது. கண்ணு. சின்ன வயதில் தோட்டத்துக்கு நடக்க முடியாமல் உட்கார்ந்தபோது உங்கள் அம்மிச்சி திட்டினாரா? 'அவ்வளவுதான் கண்ணு, அந்தப் பனைமரம் தெரியுதில்ல, அங்க போயி உக்காந்துக்கலாம் வா' என்றுதானே சொல்லியிருப்பார்? அந்தக் குரலில் சொல்லுங்கள், அதே வார்த்தைகளில். என்னிடம் வருகிறவர்களில் சிலர் யூடியூபில் கேட்ட வீர வசனங்களைச் சொல்லிப் பார்த்துவிட்டு வேலைக்காகவில்லை என்பார்கள். களைத்த நேரத்தில் அந்நியக் குரல் காதில் ஏறாது. எந்த வாக்கியம் என்பதை முதல் நாளே முடிவு செய்து, சுலபமாக ஓடுகிற நாளிலும் சொல்லிப் பழகுங்கள். மூச்சு முட்டும்போது புதிதாகத் தேடினால் பழைய குரல்தான் முந்திக்கொள்ளும்.

இவ்வளவும் சொன்னதால் எதையும் பொருட்படுத்தாமல் ஓடுங்கள் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். நெஞ்சில் இறுக்கம், கண் இருட்டல், ஒரே இடத்தில் குத்துகிற வலி, நொண்ட வைக்கிற வலி என்றால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். அங்கே கண்ணு, மதகு எதுவும் கிடையாது, டாக்டர்தான். பொதுவான அலுப்பு உடம்பெல்லாம் பரவியிருக்கும், பேச்சுக்கு மசியும். காயம் ஓரிடத்தில் இருக்கும், பேச்சுக்கு மசியாது.

கடைசியாக, உங்கள் மாமியாரின் கர்ப்பப்பை பயம். அவரைக் கேலி செய்ய வேண்டாம். ஒலிம்பிக் நடத்துகிற பெரிய மனிதர்களுக்கே இந்த மாதிரி பயம் வெகுகாலம் இருந்தது. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் முதல்முறையாகப் பெண்களை 800 மீட்டர் ஓட விட்டார்கள். முடிவில் சிலர் களைத்துப்போனதைக் காட்டி, பெண் உடம்புக்கு இது ஆகாது என்று நிறுத்திவிட்டார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் வரை அந்தப் பந்தயம் திரும்ப வரவில்லை. பெண்களுக்கான மாரத்தான் 1984-இல்தான் சேர்ந்தது. நல்ல உடல்நிலையில் இருக்கிற பெண்ணுக்கு, படிப்படியாகக் கூட்டுகிற ஓட்டத்தால் கர்ப்பப்பை இறங்கிவிடாது.

ஆனால் இரண்டு பிரசவம் ஆனவர் நீங்கள். ஓடும்போதோ இருமும்போதோ சிறுநீர் கசிந்தாலும், அடிவயிற்றில் ஏதோ கீழே இழுக்கிற மாதிரி பாரமாக இருந்தாலும், கூச்சப்படாமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். இடுப்பு அடித்தசைக்கு என்றே பயிற்சிகள் இருக்கின்றன, பெரும்பாலோருக்கு நல்ல பலன் தருகின்றன. இந்தக் கசிவுக்குப் பயந்து தூரத்தைக் குறைத்துக்கொண்டு, வெளியே 'மனசு வரலைங்க' என்று சொல்கிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. இருந்தால் அது மனத்தடை கணக்கில் வராது.

நான்கு வாரம் போகட்டும். வாய்க்கால் கரை பழகினதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் இதில் இழுத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் அவரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய், ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பாலத்தில் இறக்கட்டும். துணைக்கு உங்களோடு கொழுந்தனாரோ பையனோ சைக்கிளில் வரட்டும். பாலத்துத் திண்டில் அவர் மோர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பந்தலில் உட்காருவது அவருக்குப் புதிதில்லையே. நீங்கள் போய்ச் சேருகிற வரைக்கும் வண்டிச் சாவி அவர் சுருக்குப் பையிலேயே இருக்கட்டும்.